வெடித்த கரியரைச் செப்பனிடுதல்

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழ் கற்பிப்பவனாகிய யான் இலக்கியத்திலிருந்தோ சமயத்திலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயின், மோட்டார் சைக்கிளின் பின்புறத்தே பொருள் ஏற்றுதற்குப் பூட்டப்படும் இரும்புச் சட்டம், அதாவது கரியர் என்று நாமெல்லாம் வழங்குவது, சென்ற ஆண்டு என்னைப் பெரியதோர் அச்சத்துக்கு உள்ளாக்கிற்று. அதன் பின்னர்ப் படித்தும், அறிந்தோரிடம் கேட்டும், என் கையாலே செய்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றை எழுதுவதே நம்மவர்க்குக் கூடிய பயன் தரும் எனத் துணிந்தேன். உடப்புசல்லாவையிலும் இராகலையிலும் கந்தப்பளையிலும் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடுகள் உண்டு. கரியர் இல்லாத மோட்டார் சைக்கிளைக் காண்டல் அரிது.

அதற்குக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுடைய சிறிய இருப்புப்பாதை ஒன்று இருந்தது. உடப்புசல்லாவைப் பாதை என்பதே அதன் பெயர். உடப்புசல்லாவையை அஃது எட்டவில்லை என்பது வேறு கதை. 1940களில் அது மூடப்பட்டது. பெரிய பாரங்களை லொறிகள் ஏற்றுக்கொண்டன. லொறிக்குச் சிறியதும் தலைச்சுமைக்குப் பெரியதுமாகிய பாரங்கள் எல்லாம் இன்று கரியருக்கே உரியனவாயின. ஒரு மூடை கோவா, இரண்டு கட்டு லீக்ஸ், விதை உருளைக்கிழங்கு, கோழித்தீன், கோயில் திருவிழாவுக்கு வாழைக்குலை என எல்லாம் அதன்மேலேதான் ஏறுகின்றன. சமையல் எரிவாயு உருளை ஒன்றில் வாயு மட்டும் 12.5 கிலோ, உருளையின் தன்னிறையையும் கூட்டினால் ஏறத்தாழ இருமடங்காகும். வண்டியைச் செய்தவர்கள் கரியரின் மேல் எவ்வளவு நிறை ஏற்றலாம் என்று கைந்நூலிற் குறித்திருப்பார்கள். அக்கைந்நூலைப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்?

இனி நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். சாதாரண தர மாணவர்க்கெனப் பிரதி எடுத்த வினாத்தாள்கள் நிரம்பிய பெட்டியொன்றை இராகலையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். நிறை 18 கிலோ. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் சில்லு குழியொன்றில் இறங்கி ஏறியது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வண்டி திடீரென இலேசாயிற்று. திரும்பிப் பார்த்தேன். கரியரின் வலப்புறக் குழாய் முறிந்து தொங்க, பெட்டி வீதியிற் கிடந்தது. பள்ளி விட்டு ஓரமாக நடந்து சென்ற சிறுமி ஒருத்திக்கும் அதற்கும் இடையே இரண்டடி தூரந்தான் இருந்தது. தரம் இரண்டிற் படிக்கும் பிள்ளை. அவள் அஞ்சியதாகத் தெரியவில்லை. "சேர், தாளெல்லாம் நனையுதுங்க" என்று சொல்லிக்கொண்டே குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டாள். அஞ்சியவன் யானே.

அக்கரியர் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் வெடித்து, வழியிலிருந்த பட்டறை ஒன்றில் ஒட்டப்பட்டது. வர்ணத்தைச் சுரண்டவும் நேரம் கொடாமல் அவசரப்படுத்தியவன் யான். ஆகவே பிழை என்மேலது. மாலையில் முறிந்த துண்டை எடுத்துக்கொண்டு, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிற் பல்லாண்டு பிற்றராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"சேர், இங்க பாருங்க. ஒட்டு உடையலீங்க. ஒட்டுக்குப் பக்கத்துல இருந்த நல்ல இரும்புதான் உடைஞ்சிருக்கு" என்றார்.

முறிந்த முகத்தையும் காட்டினார். அதில் மூன்றிலிரண்டு பங்கு கறுத்துத் துருவேறி, சிப்பி ஓட்டின் மேலுள்ள வளைகோடுகளைப் போன்ற மெல்லிய கோடுகளுடன் இருந்தது. எஞ்சிய ஒரு பங்கு புதிதாய் உடைத்த கல்லைப் போல மினுங்கியது. மினுங்கிய பகுதி அன்று முறிந்தது. துருவேறிய பகுதியோ பல வாரங்களாகச் சிறிது சிறிதாகப் பிளந்து வந்தது. அத்தனை வாரமும் மூன்றிலொரு பங்கு இரும்பை நம்பியே பாரம் ஏற்றி ஓடியிருக்கிறேன்.

தமிழிற் கீறல், வெடிப்பு, முறிவு என்னும் மூன்று சொற்களையும் நாம் பேச்சில் ஒன்றாகவே வழங்கிவிடுகிறோம். மேற்பரப்பில் மட்டும் நிற்பது கீறல். உள்ளே இறங்கியது வெடிப்பு. இரண்டாகப் பிரிந்தது முறிவு. வகுப்பிற் சொல்லும் இவ்வேறுபாட்டின் உயிர்ப்பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. வெடிப்பு என்பது இடைநிலை. காண்பவனுக்கு அவகாசம் தரும் நிலை. அதைக் கீறல் என்று எண்ணிக் கடந்து போவோன் அவ்வவகாசத்தை இழக்கிறான்.

மயிற்பீலிதானே என்று அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சே முறிந்துபோகும் என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் கூறும் உண்மை. ஆண்டுதோறும் யான் அதைக் கற்பிப்பவன். ஆயினும் என் கரியருக்கு நேர்ந்தது அதுவன்று. அன்று ஏற்றிய 18 கிலோவினும் கூடிய பாரத்தை அது பன்முறை தாங்கியிருக்கிறது. ஒரே தடவையிற் பாரம் மிகுந்து முறிவது ஒன்று. தாங்கக்கூடிய பாரமே எண்ணிறந்த தடவை வந்து தாக்க முறிவது வேறொன்று. இப்பின்னையதை உலோகத்தின் களைப்பு என்பர் பொறியியலார். களைப்பு என்பது உயிருள்ளவற்றுக்குரிய சொல் என்று இலக்கணம் பேசலாம். எனினும் இவ்விடத்தில் அச்சொல்லை யான் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன். ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு: மனிதன் இளைப்பாறினால் களைப்பு நீங்கும், இரும்பிற் பிறந்த வெடிப்பு இளைப்பாறுதலால் மூடிக்கொள்வதில்லை.

எத்தனை தடவை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்குப் போகவர 20 கிலோமீற்றர். நம் வீதிகளில் ஐந்து மீற்றருக்கு ஓர் அதிர்ச்சி என்று குறைத்தே கொண்டாலும் நாளுக்கு 4,000 அதிர்ச்சி. பாடசாலை நடக்கும் நாள் 200 என்றால் ஆண்டுக்கு 8 இலட்சம். அதுவும் மெல்லிய தட்டல் அன்று. ஒரு பாரத்தை மெதுவாக இறக்கி வைப்பதற்கும் கையைத் திடீரென எடுத்துவிடுவதற்கும் இடையே விசையில் இருமடங்கு வேறுபாடு உண்டு. குழியில் விழுந்து எழும்போது அதனினும் கூடும்.

இந்நோயை உலகம் அறிந்ததும் பெரிய விலை கொடுத்தே. 1842 மே 8 ஆம் திகதி பிரான்சில் வெர்சாயிலிருந்து பரிசு நோக்கி வந்த புகைவண்டியின் இயந்திர அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்ற, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாள்தோறும் ஓடிய அச்சு ஏன் அன்று முறிந்தது என்ற வினா பலரை ஆட்கொண்டது. ஜேர்மனியில் இருப்புப்பாதைப் பொறியியலாளராயிருந்த ஓகுஸ்ற் வோலர் என்பவர் அச்சுகளை இலட்சக்கணக்கான தடவை சுழற்றி வளைத்துச் சோதித்து, முறிவைத் தீர்மானிப்பது பாரத்தின் உச்ச அளவு மட்டுமன்று, அது மீண்டும் மீண்டும் வரும் தொகையுமாகும் என்பதை 1870 அளவில் நிலைநாட்டினார். பாரம் ஓரளவுக்குக் கீழே இருந்தால் உருக்கு மிக நீண்டகாலம் தாங்கும் என்பதும் அவர் கண்டதே. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: கரியரின் எந்த இடத்திலும் தகைப்பு அவ்வளவை மிஞ்சாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்தில் மிஞ்சுகிறது? உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தோர் தகைப்பு என்னும் சொல்லை அறிவர். இழுக்கப்படும் தகடொன்றில் வட்டமான துளையொன்று இருந்தால் அதன் ஓரத்திலே தகைப்பு மும்மடங்காகிறது. கூரிய வெடிப்பின் நுனியில் அது எத்துணையோ மடங்காகும் என்று 1913 இல் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். உருக்கி ஒட்டிய இடத்தில், ஒட்டு மேடு முடிந்து பழைய குழாய் தொடங்கும் விளிம்பு ஒரு சிறு படியைப் போன்றது. தகைப்பு அங்கே திரளும். ஒட்டும் வெப்பத்தால் அவ்விடத்து இரும்பின் இயல்பும் மாறியிருக்கும்; குளிரும்போது சுருங்குவதால் உள்ளிழுவையும் தங்கியிருக்கும். ஆகவே ஒட்டு உறுதியாய் நிற்க, அதன் பக்கத்து இரும்பு வெடிப்பது வியப்பன்று. வெடிப்பின் மேலே ஒரு கோடு ஒட்டை இழுத்துவிட்டு "ஆயிற்று" என்று வருவது, பழைய விளிம்புக்குப் பதிலாகப் புதிய விளிம்பு ஒன்றை உண்டாக்கிவிட்டு வருவதேயாம்.

சிறிய ஒட்டுத்தானே என்று இகழ்வோர்க்கு ஒரு செய்தி. 1980 மார்ச் 27 ஆம் திகதி வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் நோர்வே நாட்டு மிதவை மேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். ஆராய்ந்தபோது, கடலடி ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்துதற்காகப் பெரிய தாங்குகுழாயில் வைத்த சிறியதோர் ஒட்டிலிருந்தே வெடிப்புத் தொடங்கிப் பரவியமை தெரியவந்தது.

இனிச் செப்பனிடும் முறை. முதலிற் கரியரை வண்டியினின்றும் கழற்றியே ஆகவேண்டும். வண்டியிலிருக்கும்போதே ஒட்டுவது பெற்றோல் தாங்கிக்கு அருகில் நெருப்பை வைப்பதாகும். மின்னொட்டின் ஓட்டம் பற்றறியையும் மின்சுற்றுகளையும் கெடுக்கவும் கூடும். கழற்றியபின் வர்ணத்தையும் துருவையும் கம்பித் தூரிகையால் நீக்கி, வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காணவேண்டும். கண்ணுக்குத் தெரியும் நுனி உண்மையான நுனி அன்று. அதைக் காண்பதற்குப் பழைய இருப்புப்பாதைப் பட்டறைகள் கையாண்ட முறையொன்று உண்டு. அதற்கு வேண்டிய பொருள் ஆசிரியர் கையில் எப்பொழுதும் இருப்பது. மண்ணெண்ணெயை அவ்விடத்திற் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தியபின், சுண்ணக்கட்டியைப் பொடித்து மேலே தூவவேண்டும். வெடிப்பினுள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து வெண்பொடியில் நனைந்த கோடாகத் தோன்றும். வலப்புறத்து முறிவை மட்டுமே நினைத்திருந்த எனக்கு, இடப்புறத்திலும் அதே இடத்தில் ஒரு கோடு எழுந்ததைக் கண்டபோது உடல் சிலிர்த்தது. ஒரு புறம் முறிந்தால் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும் என்பதை அன்று கற்றேன். ஏனெனில் இரண்டும் ஒரே பாதையில் ஒரே காலம் ஓடியவை.

முற்றாக முறியாத வெடிப்பின் நுனியில் 3 மில்லிமீற்றர் அளவான துளையொன்றைத் துறப்பணத்தால் இடவேண்டும். ஏற்கெனவே வெடித்த இரும்பில் மேலும் துளையிடுவதா என்று தோன்றும். கூரிய நுனியினும் வட்டத்தின் ஓரம் சாதுவானது என்பதை மேலே கண்டோம். வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்துவது அவ்வட்டமே. துளை, நுனியைத் தாண்டி விழுந்துள்ளதா என்று சுண்ணக்கட்டியால் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்க. பின்னர் வெடிப்பின் வழியே அரத்தினால் ஆப்பு வடிவான பள்ளம் இடவேண்டும். பள்ளமின்றி மேலே ஒட்டினால் உள்ளே வெடிப்பு அப்படியே உறங்கும்.

முறிந்த வலப்புறக் குழாய் வெளிவிட்டம் 16 மில்லிமீற்றரும் சுவர்த் தடிப்பு 1.5 மில்லிமீற்றரும் உடையது. ஆகவே 12 மில்லிமீற்றர் மெல்லுருக்குக் கம்பியொன்று அதனுள்ளே நுழையும். பத்துச் சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, இரு பக்கமும் ஐந்து ஐந்தாக உட்செலுத்தினோம். அக்கம்பியின் முனைகளைப் பென்சில் சீவுவதுபோல் அரத்தாற் சீவச் சொன்னார் பெரியவர். தடித்த கம்பி சட்டென முடிந்தால், முடியும் இடத்தில் வளைவு முழுவதும் திரண்டு குழாய் அங்கே வெடிக்கும். சீவிவிட்டால் வலிமை சிறிது சிறிதாகக் குறைந்து செல்லும். வீடு கட்டும் முறுக்குக் கம்பித் துண்டை இதற்கு எடுத்துவிடாதீர்கள். அவற்றுட் பல ஒட்டுவதற்கு இணங்குவன அல்ல.

ஒட்டுவதைப் பழகியவர் கையில் விடுவதே தக்கது. வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒட்டுவதற்கு முந்திய வேலையும் பிந்திய வேலையுமாம். அவையே பெரும்பங்கு. மெல்லிய குழாய்க்கு 2.5 மில்லிமீற்றர் ஒட்டுக்கம்பியும் 60 முதல் 80 அம்பியர் ஓட்டமும் போதும். அதற்கு மேற்போனால் குழாய் ஓட்டையாகும். ஒட்டியதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் பழக்கத்தைக் கைவிடச் சொல்லுங்கள், தானே ஆறட்டும். நாகமுலாம் பூசிய குழாயானால் முலாத்தை முற்றாக நீக்கிய பின்னரே ஒட்டவேண்டும். நாகப்புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் காணும். கறுப்புக் கண்ணாடியின்றி ஒட்டின் ஒளியைப் பார்ப்பதும், அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டாமல் விடுவதும் பெருந்தவறு.

வெடித்த மூலையில் தாங்குதகடு ஒன்றை வைப்பதே அடுத்தது. முக்கோணமாக வெட்டிய தகட்டைக் கண்டால் நமக்கெல்லாம் ஒரு நிறைவு உண்டாகிறது. தடித்ததாய் இருந்தால் இன்னும் நிறைவு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீற்றராய் இருக்க, ஆறு மில்லிமீற்றர்த் தகட்டை வைத்தால் வளையவேண்டிய குழாய் முழுவதும் தகடு முடியும் ஒரே கோட்டில் வளைகிறது. தகடு குழாயினும் மிகத் தடித்ததாக இருத்தல் ஆகாது. அதன் முனைகளில் குழாயைக் குறுக்கே சுற்றி ஒட்டாமல், குழாயின் நீளவாக்கிலேயே ஒட்டி, முனைக்குச் சற்று முன்னரே நிறுத்தவேண்டும். குழாயின்மேல் மற்றொரு குழாயைப் பிளந்து கவிழ்ப்பதானால் அதன் வாயை நேராக வெட்டாது மீன்வாய் போலப் பிளவுபட வெட்டுவர். காரணம் ஒன்றே: எந்தக் குறுக்குக் கோட்டிலும் வலிமை திடீரென மாறலாகாது. ஒட்டு ஆறிய பின்னர் அதன் விளிம்பை அரத்தால் தேய்த்து, குழாயோடு வழுவழுப்பாகச் சேர்ந்து போகும்படி செய்தால் ஆயுள் மிகும். அரை மணி நேர வேலை; செய்வார் குறைவு.

இன்னோர் எச்சரிக்கை. கரியரைப் பாலம்போற் பலப்படுத்திவிட்டால் அது வெடியாது. அதைத் தாங்கும் வண்டியின் உடற்சட்டம் வெடிக்கும். கரியரை மாற்றலாம், உடற்சட்டம் அவ்வாறன்று. இரண்டில் ஒன்று வெடிக்கவேண்டுமென்றால் மலிந்ததே வெடிக்கட்டும்.

பூட்டும்போது காதுகளின் துளைகள் வண்டியின் துளைகளோடு வலிந்து இழுக்காமலே ஒத்து வருகின்றனவா என்று பாருங்கள். நெம்பிப் பூட்டிய கரியர் பாரம் ஏறுமுன்பே தகைப்போடு இருக்கிறது. கழன்றோடாத நைலோன் வளைய நட்டுகளையே இடுக. என் கரியரின் முதல் வெடிப்புக்கே மூலகாரணம், நான்கு போல்ட்டுகளில் பின்புறத்து ஒன்று எப்பொழுதோ விழுந்துபோனமைதான். விழுந்தது சிறு போல்ட். அதன் பங்கை ஏனைய மூன்றும் சுமந்தன.

ஒட்டுவதற்கு வசதியில்லாதவர், துளையிட்டு நிறுத்திய வெடிப்பின்மேல் பிளந்த குழாய்த் துண்டைக் கவிழ்த்து, இரு பக்கமும் இரண்டிரண்டு இறுக்குவளையங்களால் இறுக்கிப் பட்டறை வரை வெறுங் கரியருடன் போகலாம். எலும்பு முறிந்தவனுக்குச் சிம்பு கட்டுவது போல இது, நிலையான மருந்தன்று. திருகி இறுக்கும் அவ்வளையத்தை 1921 இல் பதிவுசெய்தவர் லம்லி றொபின்சன் என்னும் ஆங்கிலக் கடற்படையாளர். அவர் அதற்கு இட்ட பெயர் ஜுபிலி கிளிப். விழா மலர் ஒன்றில் அதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

பாரம் வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. காதிலிருந்து 15 சென்ரிமீற்றர் பின்னால் வைத்த பெட்டியை 30 சென்ரிமீற்றருக்குத் தள்ளிவிட்டால் பாரம் கூடாமலே வளைக்கும் விசை இருமடங்காகும். ஆசனத்தோடு ஒட்டிக் கட்டுவதற்குக் கயிறு ஒரு முழம் கூடச் செலவாகும், அவ்வளவே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் திறக்கப்படும் வரை, நம்மிடம் இருந்த வண்டிகளையே நாம் வைத்துக் காத்தோம். 2022 இல் உதிரிப்பாகங்களின் விலை ஏறிய வேகத்தை எவரும் மறந்திரார். அக்காலத்தில் ஒட்டின்மேல் ஒட்டாகத் தாங்கி வந்த கரியர்கள் இன்றும் நம் வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டு தடவை ஒட்டப்பட்டதும், குழாயின் உட்புறம் துருவால் மெலிந்ததும் செப்பனிடத் தக்கவையல்ல. விரலாற் சுண்டிப் பார்த்தால் நல்ல குழாய் கணீரென்னும். மெலிந்தது மந்தமாக ஒலிக்கும். அத்தகையதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவதே நன்று.

என் கரியருக்கு இப்பொழுது வெள்ளை வர்ணம் பூசியிருக்கிறேன். அழகுக்காகவன்று; கறுப்பில் மறையும் வெடிப்பு வெள்ளையில் துருக்கோடாகத் தெரியும். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டியுமாக வாசலில் அமர்கிறேன். பங்குனியில் இடப்புறக் காதின் கீழே மயிரிழை போன்ற ஒரு கோடு கண்டேன். சுரண்டி, எண்ணெய் பூசித் துடைத்து, பொடி தூவிக் காத்திருந்தேன். பொடி உலர்ந்தே இருந்தது. வெடித்தது வர்ணம் மாத்திரமே. மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அன்று தாள் பொறுக்கித் தந்த பிள்ளை இப்பொழுது தரம் மூன்றில் இருக்கிறாள். என் வண்டிச் சத்தம் கேட்டதும் வீதியின் மறுபக்கம் போய் நின்றுகொள்கிறாள்.